கண்ணாடி இழைக் கம்பியும் கிராமத்தின் பொறுப்பும்

விருதுநகர் ஜில்லாவில் விவசாயம் செய்கிறவர்களுக்குக் கண்மாயின் இயல்பை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கரை பலமாயிருந்து நீரும் நிறைந்து நின்றபோதிலும், மடை பழுதாகி வாய்க்கால் தூர்ந்து கிடக்குமானால் ஆயக்கட்டு நிலம் காய்ந்துதான் போகும். கரையைச் சர்க்கார் கட்டிக் கொடுக்கலாம். வாய்க்காலைச் செதுக்கி வைப்பது குடிமராமத்தாகக் குடிகளைச் சேர்ந்தது என்பது தொன்றுதொட்ட வழக்கம். தற்காலத்தில் கிராமந்தோறும் கொண்டு வரப்படும் கண்ணாடி இழைக் கம்பியின் விஷயமும் இத்தன்மையதே. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக் கட்டடம் வரையில் இணையத்தைக் கொண்டு வந்து சேர்ப்பது சர்க்காரின் வேலை. அங்கிருந்து அது குடியானவருக்குப் பயன்படுமா, அல்லது பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்குமா என்பது பெரும்பாலும் கிராமத்தாரையும் கிராம அதிகாரிகளையும் பொறுத்ததாகும்.

விவசாயிக்கு இதனால் ஆவது என்ன?

முற்காலத்தில் நிலக் கணக்குகள் யாவும் கர்ணத்தின் வசத்தில் காகிதக் கட்டுகளாக இருந்தன. பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-ஆம் வருஷத்தில் ஒழிக்கப்பட்ட பின்னர் அவை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. இப்பொழுது அக்கணக்குகள் கணினியில் ஏறிவிட்டன. பட்டா, சிட்டா நகல்களை இணையத்தின் வழியாகவே பெற்றுக்கொள்ளலாம். பிரதம மந்திரியின் கிஸான் திட்டத்தில் வருஷத்திற்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாகப் பெறும் குடியானவர், தமது ஆதார் விவரத்தை இணையத்தின் மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2025-ஆம் வருஷத்தில் நடைபெற்ற பதிவும் இணையத்தைக் கொண்டே நடந்தது. 2016-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி ஆரம்பிக்கப்பட்ட தேசிய வேளாண் மின்னணுச் சந்தையும் இதையே ஆதாரமாகக் கொண்டது.

இவை எல்லாவற்றிலும் அவசரமானது பயிர்க் காப்பீடு. 2016-ஆம் வருஷம் முதல் நடைபெற்று வரும் திட்டத்தின்படி விவசாயி செலுத்த வேண்டிய பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்துத் தானியம், எண்ணெய் வித்துக்களுக்கு 2 சதவீதத்திற்கும், ராபி பருவத்தில் 1.5 சதவீதத்திற்கும், வாணிபப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 சதவீதத்திற்கும் மேற்படாது. தொகை சொற்பமே. ஆனால் குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் பதிவு செய்யாத வயலுக்கு, பின்னர் மழை பொய்த்தாலும் வெள்ளம் அழித்தாலும், காப்பீட்டின் மூலம் ஒரு காசும் கிடைப்பதற்கில்லை.

இந்த ஜில்லாவின் பெரும் பகுதி வடகிழக்குப் பருவ மழையை நம்பிய கரிசல் மானாவாரி நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் பயறு வகைகளும் முதல் நல்ல மழையைக் கண்ட பிறகே விதைக்கப்படுகின்றன. மழை பிந்தினால் விதைப்பும் பிந்துகிறது. கடைசித் தேதியோ விதைப்புக்காகக் காத்திருப்பதில்லை. ஆகையால் விதைப்புச் சான்றும், பாங்குக் கணக்குப் புத்தகத்தின் நகலும், ஆதார் அட்டையும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் யாவரும் ஒரு சில தினங்களுக்குள் சேவை மையங்களில் வந்து கூடுகிறார்கள். அத்தருணத்தில் இணைப்பு அறுபட்டு அரை நாள் வீணாகுமானால், அது ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து உழைப்புக்கு இருந்த பாதுகாப்பையே போக்கிவிடும். கம்பியைப் பற்றிய கவலை பட்டணத்தாரைக் காட்டிலும் மானாவாரி விவசாயிக்கே அதிகமாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

அலைகள் யாருடைய சொத்து?

கையில் கைப்பேசி இருக்கும்போது கம்பி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கைப்பேசி வேலை செய்வது ரேடியோ அலைகளால். அந்த அலைகளில் உபயோகத்திற்கு ஏற்ற பகுதி அளவுக்குட்பட்டது. ஒரே இடத்தில் ஒரே அலைவரிசையைப் பலர் கட்டுப்பாடின்றி உபயோகித்தால் ஒருவர் பேச்சும் மற்றவருக்குக் கேளாது. தந்தி முதலியவற்றின் அதிகாரத்தை 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம் சர்க்காரிடம் வைத்தது. அதன் இடத்தில் 2023-ஆம் வருஷத்தில் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் பல பிரிவுகள் 2024-ஆம் வருஷம் முதல் அமலுக்கு வந்தன. ஆகாயத்து அலைகள் பொதுச் சொத்து, அவை பொது நன்மைக்கே உபயோகப்பட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. 2008-ஆம் வருஷத்தில் வழங்கப்பட்ட 122 அனுமதிகளை அதே கோர்ட்டு 2012-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் தேதி ரத்து செய்தது. அது முதல் கைப்பேசிச் சேவைக்கான அலைக்கற்றை பெரும்பாலும் ஏலத்தின் மூலம் விடப்பட்டு வருகிறது. 2022-ஆம் வருஷத்தில் நடந்த ஐந்தாம் தலைமுறை ஏலத்தில் சுமார் ரூ. 1,50,000 கோடிக்கு ஏலம் கேட்கப்பட்டது.

இவ்வளவு விலை கொடுத்து எடுக்கும் கம்பெனிகள் வருமானம் மிகுந்த இடங்களிலேயே முதலில் கோபுரம் நாட்டும் என்பது இயல்பு. மேலும் தாழ்ந்த அலைவரிசை வெகு தூரம் பரவுமேயன்றி மிகுந்த செய்தியைச் சுமக்காது; உயர்ந்த அலைவரிசை மிகுதியாகச் சுமக்கும், ஆனால் தூரம் போகாது. ஒரு கோபுரத்தின் திறனை அதைச் சுற்றியுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோபுரத்திற்கும் பின்னாலிருந்து செய்தியைக் கொண்டுவருவதற்கு ஏராளமான திறனுள்ள வழி வேண்டும். அதற்குச் சிறந்தது கண்ணாடி இழையே. ஆகவே கம்பி வந்த கிராமத்தில் கைப்பேசியும் நன்றாக வேலை செய்வதற்கு வழி ஏற்படுகிறது.

வருமானம் குறைந்த கிராமங்கள் பின்தங்கிவிடாதிருக்கும் பொருட்டு 2002-ஆம் வருஷத்தில் ஒரு பொது நிதி ஏற்படுத்தப்பட்டது. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் கணக்கிட்ட வருமானத்தில் 5 சதவீதம் இந்நிதிக்கென வசூலிக்கப்படுகிறது. 2023-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். கம்பெனிகளுக்கு அந்த வருமானம் வருவது கைப்பேசிக்குப் பணம் கட்டும் ஜனங்களிடமிருந்து என்பதை யோசித்தால், கிராமத்துக்கு வரும் கம்பி தானமாக வருவதன்று என்பது விளங்கும். அதற்குக் கிராமத்தார் ஏற்கெனவே தங்கள் பங்கைச் செலுத்தியிருக்கிறார்கள். அது சரிவர நடக்கிறதா என்று கேட்பதற்கு அவர்களுக்குப் பாத்தியதை உண்டு.

முன் அனுபவங்கள் மூன்று

செய்தி வந்து சேருவதாலேயே பயிர் விளைந்துவிடாது. அதை வாங்கி ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்குத் தமிழ் நாட்டிலும் அதன் அண்டையிலும் மூன்று உதாரணங்கள் உண்டு. முதலாவது, 1960-களில் தஞ்சை ஜில்லாவில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல். திருச்சி வானொலி நிலையம் அந்நெல்லின் சாகுபடி முறையை விவசாயிகளுக்கு இடைவிடாது எடுத்துரைத்தது. ஜனங்கள் அந்நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அலைகள் பொது நன்மைக்கு உபயோகப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இரண்டாவது, புதுச்சேரிப் பிரதேசத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் வருஷம் முதல் நடத்திய கிராமத் தகவல் மையங்கள். வில்லியனூரை நடுநாயகமாகக் கொண்டு, கம்பியில்லாக் கருவிகளின் மூலம் கிராமங்களுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில், கடல் அலையின் உயரத்தைப் பற்றிய செய்தியைத் தினந்தோறும் ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தார்கள். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, வெளிநாட்டிலிருந்து டெலிபோனில் வந்த எச்சரிக்கை அதே ஒலிபெருக்கியின் மூலம் ஊர் முழுவதும் அறிவிக்கப்பட்டு, ஜனங்கள் உயிர் தப்பினர். அன்று உதவியது ஏதோ புதிய யந்திரமன்று. நாள்தோறும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கியும், அதை இயக்கத் தெரிந்த ஊர்க்காரர்களுமே.

மூன்றாவது உதாரணம் விருதுநகருக்கு அண்டையிலுள்ளது. மதுரை ஜில்லா மேலூர்ப் பிரதேசத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லாத் தொடர்பு முறையைக் கொண்டு, 2001-ஆம் வருஷம் முதல் பல கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. கிராமத்திலிருந்தபடியே தாலூகா ஆபீசுக்கு மனு அனுப்பவும், அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வைத்தியர்களிடம் யோசனை கேட்கவும் முடிந்தது. ஆனால் சில வருஷங்களில் அம்மையங்களில் அநேகம் மூடப்பட்டன. நடத்தியவர்களுக்குப் போதிய வருமானமில்லை. பழுது பார்க்கவும் பயிற்சி அளிக்கவும் நீடித்த துணையில்லை. ஆதரவு காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றதும் மனுக்களை வாங்கும் ஏற்பாடும் தளர்ந்தது. யந்திரம் நல்லதாயிருந்தும் மேற்பார்வை நிலைத்திராவிட்டால் காரியம் நிலையாது என்பதே இதன் பாடம்.

பாரத்நெட் வந்த வழி

கிராம ஊராட்சிகள் யாவற்றிற்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டு செல்லும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2011-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அங்கீகரித்தது. 2015-ஆம் வருஷத்தில் அதற்குப் பாரத்நெட் என்ற பெயர் ஏற்பட்டது. தேசத்திலுள்ள சுமார் 2,50,000 ஊராட்சிகளில் முதற்கட்டமாக ஒரு லட்சம் ஊராட்சிகளின் வேலை 2017-ஆம் வருஷம் டிசம்பரில் முடிவடைந்தது. தமிழ்நாடு இரண்டாம் கட்டத்தில் சேர்ந்தது. இங்கு வேலையை நடத்தும் பொறுப்பு மாநில சர்க்காரின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கும் விநாடிக்கு 1 ஜிகாபிட் திறனுள்ள இணைப்பு என்பது நோக்கம்.

வேலை சுலபமாக நடந்துவிடவில்லை. டெண்டர் நிபந்தனைகளைப் பற்றி எழுந்த ஆட்சேபங்களின்மேல் 2020-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் அந்த டெண்டரை ரத்து செய்து மறுபடி கோரும்படி உத்தரவிட்டது. 2022-ஆம் வருஷத்தில்தான் கம்பி போடும் வேலை தொடங்கியது. செலவையும் காலத்தையும் குறைக்கும்பொருட்டு, கம்பியின் பெரும் பகுதி மின்சாரக் கம்பங்களின் மீதும், மற்றது தரைக்கு அடியிலும் செல்லுமாறு ஏற்பாடாயிற்று.

ஒரே வரிசையாகச் செல்லும் கம்பி நடுவில் அறுந்தால் அதற்கப்பாலுள்ள ஊர்கள் யாவும் தொடர்பை இழக்கும். வளையமாக அமைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கத்தின் வழியாகச் செய்தி வந்து சேரும். இதை அனுசரித்து, 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மத்திய மந்திரி சபை ரூ. 1,39,579 கோடி மதிப்புள்ள திருத்திய திட்டத்தை அங்கீகரித்தது. வளைய அமைப்பும், கம்பி போட்டபின் 10 வருஷ காலம் அதைப் பராமரிக்கும் கடமையும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டன. கம்பி போடுவதைக் காட்டிலும் அதை நடத்தி வருவதே கடினம் என்பது இதனால் புலப்படும்.

ஜில்லாவின் நிலைமை

1985-ஆம் வருஷத்தில் இராமநாதபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட இந்த ஜில்லாவில் 11 ஊராட்சி ஒன்றியங்களும் 450 கிராம ஊராட்சிகளும் உள்ளன. 2018-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் முன்னேற்றத்திற்கென விசேஷமாகத் தேர்ந்தெடுத்த ஜில்லாக்களில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டவை இராமநாதபுரமும் விருதுநகருமே. மேற்கே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளில் மலையடிவாரத் தோப்புகளும் கண்மாய்ப் பாசன நெல்லும் உண்டு. கிழக்கே திருச்சுழி, நரிக்குடிப் பக்கங்களில் ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட அமைந்திருக்கின்றன. மிளகாய், மல்லி, பருப்பு வகைகளுக்கு விருதுநகர் சந்தை விலை தூரதேசங்களிலும் கவனிக்கப்படுவது. அந்த விலையை அன்றைய தினமே நரிக்குடி விவசாயி அறிந்துகொள்வாராயின், தரகர் சொன்னதே விலை என்று கொடுத்துவிட்டு வரவேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள பருத்தி ஆராய்ச்சி நிலையமும் அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும், பூச்சி தாக்கிய இலையின் படத்தைப் பார்த்து அன்றே யோசனை சொல்வதும் சாத்தியமாகும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் நிலைமை தனிப்பட்டது. 1923-ஆம் வருஷத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது முதல், மழை குறைந்த அப்பிரதேசத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. சிறு நிலம் வைத்திருக்கும் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் பகலில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போவது சாதாரணம். அபாயத்தை உத்தேசித்து ஆலைக்குள் கைப்பேசி கொண்டு போகலாகாது. அது வெளியிலேயே இருக்கும். ஆனால் கிஸான் திட்டத்திற்கோ அடையாள எண்ணுக்கோ மனு செய்யும்போது, ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு எண் அந்தக் கைப்பேசிக்கே வருகிறது. சில நிமிஷங்களில் அது காலாவதியாகிவிடுகிறது. வீட்டிலிருப்பவர் சேவை மையத்தில் நின்றாலும், கைப்பேசிக்கு உரியவர் மருந்து அறையில் வேலையாயிருப்பார். வேலை முடிந்து அவர் திரும்பும் நேரத்தில் மையம் அடைக்கப்பட்டிருக்கும். ஒரு நாள் கூலியை இழந்தாலன்றி மனுச் செய்ய முடியாதென்ற நிலை ஏற்படுகிறது. ஆகையால் பட்டாசுப் பிரதேசத்துக் கிராமங்களில் கம்பியின் வேகத்தைக் காட்டிலும் மையம் திறந்திருக்கும் நேரமே முக்கியமானது. மாலை 6 மணிக்கு மேல் இரண்டு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமாறு செய்தால், அதனால் பயனடையும் குடும்பங்கள் மிகப் பல.

செய்யத்தக்கவை

கிராம அதிகாரிகளும் மிராசுதார்களும் கீழ்க்கண்ட விஷயங்களைக் கவனிப்பது உசிதம்.

1. கருவிகள் வைத்திருக்கும் அறை மழை ஒழுகாததாயும் காற்றோட்டமுள்ளதாயும் பூட்டத்தக்கதாயும் இருக்க வேண்டும். அதன் மின் இணைப்பை எக்காரணத்தைக் கொண்டும் துண்டிக்கலாகாது. மின்சாரம் நின்றபோது உதவும் பாட்டரியை வேறு காரியத்திற்கு எடுப்பதும் கூடாது. சாவி யாரிடம் இருக்கிறதென்பதைக் கதவின் மேலேயே எழுதி வைக்கலாம்.

2. கண்ணாடி இழையில் செம்பு கிடையாது. அதை அறுத்தெடுப்பவனுக்கு விற்றுக் காசாக்க ஒன்றும் கிடைக்காது. இதைக் கிராமத்தில் யாவரும் அறியும்படி சொல்லி வைத்தால் திருட்டு குறையும்.

3. ஜே.சி.பி. யந்திரத்தைக் கொண்டு குழாய்ப் பள்ளம் தோண்டுவதற்கும், வரத்துக்கால் வெட்டுவதற்கும் முன்னால், அவ்விடத்தில் கம்பி புதைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். தோண்டுகிறவர் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டுமென்று 2023-ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் விதிகள் வெளியிட்டிருக்கிறது. அதற்கென ஒரு கைப்பேசிச் செயலியும் அவ்வருஷம் மார்ச்சு 22-ஆம் தேதி வெளியிடப்பட்டது.

4. கம்பங்களின்மேல் செல்லும் கம்பியில் வைக்கோற் பாரமும் சோளத்தட்டைப் பாரமும் மாட்டிக்கொள்ளாதபடி அளவோடு ஏற்ற வேண்டும். கம்பத்தின் அடியில் குப்பையையோ தட்டையையோ கொளுத்தலாகாது. மேலுள்ள கம்பி வெப்பத்தால் உருகிவிடும்.

5. ஊராட்சியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, இணைப்பு அறுந்த தேதி, நேரம், புகார் கொடுத்த எண், சரியான தேதி ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். சேவைக்குத் தயார் என்று மேலிடத்துக் கணக்கில் பதிவான ஊராட்சிகள் யாவும் உபயோகத்திலிருப்பதாகப் பொருளல்ல. தேதிவாரிக் குறிப்பு இல்லாத புகாருக்கு ஆபீசுகளில் மதிப்புக் குறைவு. இந்தப் புத்தகத்தைக் கிராம சபையில் வாசிக்கலாம். ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு தடவை சபை கூடுகிறது.

6. சந்தை விலை, மழை அறிவிப்பு, காப்பீட்டுக் கடைசித் தேதி ஆகியவற்றைத் தினமும் கரும்பலகையில் எழுதியும் ஒலிபெருக்கியில் சொல்லியும் வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், கைப்பேசி இல்லாதவருக்கும் கம்பியின் பயன் கிடைப்பது இவ்விதமாகவே.

7. விவசாயிகள் கடைசி நாள் வரையில் காத்திராமல் விதைப்பு முடிந்ததும் பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கைரேகை வைக்குமுன் எதற்காக என்று கேட்டறிய வேண்டும். கடவு எண்ணை டெலிபோனில் கேட்கும் அந்நியருக்குச் சொல்லலாகாது.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. அலைக்கற்றையை ஏலம் விடுவதும், கோடிக்கணக்கில் நிதி ஒதுக்குவதும், வளையமாகக் கம்பி போடுவதும் டில்லியிலும் சென்னையிலும் நடக்க வேண்டியவை. அவற்றில் தாமதமும் குறையும் நேரிட்டால் கேட்டுப் பெறுவதற்கு மேற்சொன்ன குறிப்புப் புத்தகமே ஆதாரமாகும். அறையைப் பூட்டிப் பாதுகாப்பதும், மாலையில் திறந்து வைப்பதும், பழுதைக் குறித்து வைப்பதும் ஊரிலேயே நடக்க வேண்டியவை. அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னதாக ஒவ்வொரு ஊராட்சியிலும் இவை ஒரு தடவையாவது பரிசீலிக்கப்படுமானால், விதைப்புக் காலத்தில் காப்பீட்டுக்காக வந்து நிற்கும் மானாவாரிக் குடியானவர் வெறுங்கையோடு திரும்ப நேராது.